சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்: ரோட்டரி இன்ஜினில் கம்ப்ரஷனை அளப்பது எப்படி

பெட்ரோல் பங்க்கில்தான் எனக்கு அது முதலில் தெரிந்தது. அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் சீராக ஓடி வந்த வண்டி. பெட்ரோல் போட்டுப் பணம் கட்டிவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பின்னால் நின்றவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். வண்டியை ஓரமாகத் தள்ளி, பானெட்டைத் திறந்து வைத்து, இருபது நிமிடம் கழித்துத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காததுபோல் எடுத்துக்கொண்டது. அன்று காலை வீட்டு வாசலில் ஒரே திருப்பில் கிளம்பிய அதே கார்தான்.

குளிர்ந்த நிலையில் எடுப்பது, சூட்டில் மறுப்பது. ரோட்டரி இன்ஜின் கார் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு அறிகுறியைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். கம்ப்ரஷன், அதாவது இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை அழுத்தப்படும் அளவு, குறைந்துவருகிறது என்பதற்கு இதைவிடப் பழகிய அடையாளம் கிடையாது. ஆனால் சோர்ந்துபோன செல்ஃப் மோட்டாரும் இதே நாடகத்தை ஆடும். சூடேறிய மோட்டாரும் மெதுவாகத்தான் சுற்றும். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் இன்ஜினை இறக்கியவர்களும் உண்டு, பிரித்தறியாமல் பிளக்கில் பொறி வர மின்சாரம் தரும் காயில், பிளக், பம்ப் என்று வரிசையாக மாற்றிப் பணத்தைக் கரைத்தவர்களும் உண்டு. இரண்டாவது கூட்டத்தில் நான் இருந்தேன்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது மாஸ்டா ஆர்எக்ஸ்-8. 2003 முதல் 2012 வரை தயாரான கார். பழைய வண்டியாக எளிதாகக் கிடைப்பதால் புதியவர்கள் முதலில் வாங்குவதும் பெரும்பாலும் இதைத்தான். சோதிக்கும் முறை ஆர்எக்ஸ்-7 போன்ற மற்ற ரோட்டரி கார்களுக்கும் ஏறக்குறைய இதுவேதான். கீழே வரும் அழுத்த அளவுகளை மட்டும் அவற்றுக்கு எடுத்துப் பொருத்தாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. இடுப்பு ஒடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் ஒன்று சுழல்கிறது. அதன் மூன்று முனைகளிலும் மெல்லிய பட்டை போன்ற அபெக்ஸ் சீல்கள், பக்கவாட்டில் வளைந்த சைடு சீல்கள், இரண்டும் சந்திக்கும் மூலைகளில் கார்னர் சீல்கள். பிஸ்டன் இன்ஜினில் ரிங் செய்யும் வேலையை இவை எல்லாம் சேர்ந்து செய்கின்றன. ரோட்டரின் மூன்று முகங்களும் மூன்று அறைகள். ஆர்எக்ஸ்-8 இன்ஜினில் தலா 654 சி.சி. கொண்ட இரண்டு ரோட்டர்கள். ஆக மொத்தம் ஆறு அறைகள். நாம் தேடுவது ஆறு எண்கள். ஒரே எண்ணைச் சொல்லி 'கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால் அவர் ரோட்டரியை அளக்கவில்லை என்று பொருள்.

இந்தச் சீல்கள்தான் ஆரம்பத்திலிருந்தே தலைவலி. 1967இல் வந்த ஜெர்மனியின் என்எஸ்யு ரோ 80 காரில் அவை சீக்கிரமே தேய்ந்தன. எதிரே அதே காரில் வருபவருக்குக் கையசைக்கும்போது, இதுவரை எத்தனை இன்ஜின் மாற்றினேன் என்பதை விரல்களால் காட்டுவார்கள் என்று ஒரு வேடிக்கைக் கதை உண்டு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஹிரோஷிமாவில் மாஸ்டா பொறியாளர்கள் கூட்டின் உட்சுவரில் வரிவரியாக விழுந்த தேய்மானத்தைப் 'பிசாசின் நகக்கீறல்' என்று அழைத்தார்கள். அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல் வந்த பிறகுதான் அவர்களுடைய முதல் ரோட்டரி காரான காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. அன்று தொடங்கிய தேய்மானக் கதையின் மிச்சத்தைத்தான் நாம் அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்கப்போகிறோம்.

முதலில் பேட்டரியும் செல்ஃபும்

கம்ப்ரஷன் கேஜைத் தொடுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். இன்ஜின் ஓடாமல் சில மணி நேரம் நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது அது 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியையோ கேபிள்களையோ சந்தேகியுங்கள். நெகடிவ் கேபிள் பாடியோடும் இன்ஜினோடும் சேரும் இடங்களில் துரு பிடித்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பத்து நிமிட வேலை, செலவும் இல்லை.

அடுத்தது செல்ஃப் சுற்றும் வேகம். காரின் கணினி தரும் தகவலைப் படிக்கும் ஒரு சாதாரண ஓபிடி கருவியைச் செருகி, செல்ஃப் அடிக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று பாருங்கள். நாம் பார்க்க விரும்பும் எண் 250. மாஸ்டாவின் கம்ப்ரஷன் அளவுகள் எல்லாம் அந்த வேகத்துக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கின்றன. 200க்குக் கீழே இருந்தால், நல்ல இன்ஜின்கூடச் சூட்டில் முரண்டு பிடிக்கும். தொடக்க ஆண்டு ஆர்எக்ஸ்-8 கார்களில் இருந்த செல்ஃப் மோட்டார் மெதுவானது. பின்னால் மாஸ்டாவே வேகமாகச் சுற்றும் மோட்டாரைக் கொண்டுவந்தது. நண்பர் ஒருவரின் காரை ஒரு பட்டறையில் 'இன்ஜின் போய்விட்டது' என்று கைகழுவிவிட்டார்கள். அளந்து பார்த்தால் சூட்டில் 180 சுற்றுதான் வந்தது. புதிய வகை மோட்டார் போட்டதும் 270. இன்ஜினை யாரும் தொடவேயில்லை. கார் இன்னும் ஓடுகிறது.

பிளக்கும் காயிலும்

ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்: கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். மொத்தம் நான்கு பிளக், நான்கு காயில். ஆர்எக்ஸ்-8இல் இன்ஜினின் இடது பக்கத்தில் இருப்பதால், முன் இடது சக்கரத்தைக் கழற்றினால் கைக்கு நன்றாக எட்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கைவிடாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி எந்த இடம் என்று எழுதிவிடுங்கள். லீடிங் பிளக்கும் டிரெய்லிங் பிளக்கும் வேறு வேறு வகை. இடம் மாற்றிப் போடக் கூடாது.

காயில்கள் இந்தக் காரின் பலவீனம். ஐம்பதாயிரம் கிலோமீட்டரிலேயே சோர்ந்துபோவதுண்டு. சோர்ந்த காயில், சரியாக எரியாத பெட்ரோலைப் புகைபோக்கிக்கு அனுப்புகிறது. அது அங்கே எரிந்து, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை அடைத்துவிடுகிறது. அடைத்துக்கொண்ட கன்வர்ட்டர் இன்ஜினை மேலும் சூடாக்குகிறது. ஆகவே காயில்களின் வயது தெரியாவிட்டால் நான்கையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. இதில் சிக்கனம் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கழற்றிய பிளக்கை மோந்து பாருங்கள். பெட்ரோலில் ஊறியிருந்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள். கூலன்டின் தித்திப்பு வாடை அடித்தால், பிரச்சினை வேறு: உட்புற நீர் சீல் கசிந்து இரவு முழுவதும் அறைக்குள் கூலன்ட் இறங்குகிறது. அப்படிப்பட்ட கார் சூட்டில் அல்ல, காலையில்தான் திணறும். வெள்ளைப் புகை விடும். கூலன்ட் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதற்கு ரேடியேட்டரில் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். அது உறுதியானால் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை, இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும்.

பெட்ரோலில் நனைந்த இன்ஜின்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். காரேஜிலிருந்து காரை நாலடி வெளியே எடுத்து, உடனே அணைத்துவிடுகிறார்கள். குளிர்ந்த இன்ஜினுக்கு அதிகமாகப் பாய்ந்த பெட்ரோல் உள்ளேயே தங்கி, சீல்களின் மேலிருந்த ஆயில் படலத்தைக் கழுவிவிடுகிறது. ஆயில் இல்லாத சீல் அழுத்தத்தைப் பிடிக்காது. மறுநாள் செல்ஃப் சீறிக்கொண்டு லேசாகச் சுற்றும்; இன்ஜின் எடுக்காது. அந்த நேரத்தில் கேஜ் வைத்தால் ஆறு எண்களும் பாதாளத்தில் இருக்கும். நனைந்த இன்ஜினை அளந்து அதற்கு மரணச் சான்றிதழ் எழுதிவிடாதீர்கள்.

முதல் வைத்தியம்: ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்தபடி பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள். பெடல் முழுவதும் அழுந்தியிருந்தால் ஆர்எக்ஸ்-8இன் கணினி பெட்ரோல் தெளிப்பதை நிறுத்திவிடும், காற்று மட்டும் உள்ளே போய் ஈரத்தை வெளியேற்றும். மோட்டார் ஆற ஒரு நிமிடம் விட்டு, இரண்டு மூன்று முறை செய்யுங்கள். பலன் இல்லையா? பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்குங்கள், காயில்களின் இணைப்பைக் கழற்றுங்கள், நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டுச் சில விநாடிகள் சுற்றவிடுங்கள். துளைகளிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும். பக்கத்தில் நெருப்போ பொறியோ இருக்கவே கூடாது. பிறகு ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு, பிளக் இல்லாமலே இன்னும் சில விநாடி சுற்றி, காய்ந்த பிளக்குகளைப் போட்டு எல்லாவற்றையும் இணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். எடுத்ததும் தெருவே மறைகிற அளவுக்குப் புகை வரும். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

ஆயில் விட்டதும் சுறுசுறுப்பாக எடுத்து, பிறகு வாரக்கணக்கில் சூட்டிலும் தகராறு இல்லாமல் ஓடினால் அது நனைந்ததால் வந்த வினைதான். ஆயில் எரிந்து முடிந்த சில நாட்களில் பழைய குணம் திரும்பினால் தேய்மானம் இருக்கிறது. எப்படியானாலும் டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

காதால் ஒரு சோதனை

கேஜ் வாங்கும் முன்பே காது நிறையச் சொல்லிவிடும். பெட்ரோல் ஃபியூஸும் காயில் இணைப்புகளும் கழற்றிய நிலையில், சோதிக்கும் ரோட்டரின் ஒரு பிளக்கை மட்டும் எடுத்துவிட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 250 சுற்றில் ஒரு ரோட்டரிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ நான்கு துடிப்புகள் வரும். 'தப், தப், தப், தப்' என்று ஒரே அழுத்தமாகக் கேட்டால் நல்லது. 'தப், புஸ், புஸ், தப், புஸ், புஸ்' என்று மூன்றுக்கு ஒரு முறை மட்டும் அறைந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த லயம் ஒரு முறை காதில் பதிந்துவிட்டால் பிறகு மறக்காது.

கேஜ் வைத்து அளப்பது

ரோட்டரிக்கென்றே செய்த டிஜிட்டல் கருவி மூன்று முகங்களையும் தனித்தனியாக, சுற்று வேகத்தோடு காட்டும். அது இருக்கும் பட்டறை அருகில் கிடைத்தால் அங்கே போவதே மேல். கிடைக்காவிட்டால் சாதாரண கம்ப்ரஷன் கேஜ் போதும். ஆனால் ஒரு மாற்றம் வேண்டும். என் பணம் கரைந்த கதை இதில்தான் இருக்கிறது.

சாதாரண கேஜின் குழாய் முனையில், டயர் வால்வுக்குள் இருப்பதுபோல ஒரு சிறிய ஊசி வால்வு இருக்கும். உள்ளே போன அழுத்தத்தை வெளியே விடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. பிஸ்டன் இன்ஜினுக்கு அது சரி. ரோட்டரியில் மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் காட்டி, மற்ற இரண்டின் குறையையும் மூடி மறைத்துவிடும். நான் காரைக் கொடுத்த பட்டறையில் அந்த வால்வோடுதான், அதுவும் குளிர்ந்த இன்ஜினில், அளந்தார்கள். இரண்டு ரோட்டரிலும் நல்ல எண். இன்ஜின் பழுதில்லை என்று சொல்லி காயில், பிளக், பெட்ரோல் பம்ப் மூன்றையும் மாற்றினார்கள். அடுத்த வாரம் அதே பங்க்கில் அதே ஓரத்தில் நின்றேன்.

ஆகவே, அந்த ஊசி வால்வைக் கழற்றிவிடுங்கள். இன்ஜினை இருபது நிமிடம் ஓட்டி முழுச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருந்து இடைவெளிகளை அடைத்து, இல்லாத கம்ப்ரஷனை இருப்பதாகக் காட்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஃபியூஸ், காயில் இணைப்புகள் கழன்றிருக்க வேண்டும். சோதிக்கும் ரோட்டரில் கேஜ் பொருந்தும் ஒரு துளை மட்டும் திறந்திருக்கட்டும், மற்றொரு பிளக் இறுக்கமாக இடத்திலேயே இருக்க வேண்டும். எந்தத் துளை என்பதைச் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். இரண்டு ரோட்டரிலும் ஒரே நிலைத் துளையில் அளப்பது முக்கியம். கேஜைக் கையால் திருகிப் பொருத்துங்கள். கூடு அலுமினியம், ஸ்பேனரால் முறுக்கினால் மரை போய்விடும். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தச் சொல்லி, ஏழெட்டு விநாடி செல்ஃப் அடியுங்கள்.

முள் இப்போது ஒரு இடத்தில் நிற்காது, துள்ளும். கண்ணால் பின்தொடர முடியாது. கைப்பேசியை ஸ்லோ மோஷனில் வைத்து முள்ளைப் படம் பிடித்து, பிறகு நிதானமாகப் பாருங்கள். வால்வு இல்லாததால் எண்கள் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே தெரியும். ஆகவே மூன்று துள்ளல்களும் ஒன்றுக்கொன்று எப்படி என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. என் காரில் முன் ரோட்டரின் முள் ஒரே உயரத்துக்குத் துள்ளியது. பின் ரோட்டருக்கு வந்ததும் ஒரு நெடிய துள்ளல், இரண்டு குட்டித் துள்ளல், மறுபடி ஒரு நெடியது. அந்தக் காணொளியை நாலைந்து முறை பார்த்தேன், எண் மாறிவிடும் என்பதுபோல.

எண்களைப் படிப்பது

சரியான கருவியில், 250 சுற்றில், ஆர்எக்ஸ்-8க்கு மாஸ்டா சொல்லும் இயல்பான அளவு 830 கிலோபாஸ்கல், அதாவது 120 பி.எஸ்.ஐ. குறைந்தபட்சம் 680 கிலோபாஸ்கல், ஏறத்தாழ 99 பி.எஸ்.ஐ. ஒரே ரோட்டரின் அறைகளுக்குள் வித்தியாசம் 150 கிலோபாஸ்கலைத் தாண்டக் கூடாது. இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 100ஐத் தாண்டக் கூடாது. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் எண் குறையும், வேகமாகச் சுற்றினால் கூடும். அதனால் சுற்று வேகம் எழுதாத கம்ப்ரஷன் அறிக்கையை யார் நீட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மலைமேல் இருக்கும் ஊர்களில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கேயும் எண்கள் இறங்கும்.

மூன்றில் இரண்டு அறைகள் ஒன்றாக விழுந்திருந்தால் அபெக்ஸ் சீலைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு அபெக்ஸ் சீலும் இரண்டு அறைகளுக்கு நடுவே நிற்கும் பொதுச் சுவர். அது உடைந்தால் இரண்டு பக்கமும் கசியும். ஒரே ஒரு அறை மட்டும் விழுந்திருந்தால் சைடு சீலாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அது ஒரு முகத்துக்கு மட்டும் சொந்தம். ஆறும் ஒரே சீராகத் தாழ்ந்திருந்தால் பொதுவான தேய்மானம், அல்லது சீல்கள் கரியில் ஒட்டிக்கொண்டு விரியாமல் கிடக்கின்றன. இந்தக் கடைசி வகைக்கு மட்டும் கரி நீக்கும் திரவத்தை முயன்று பார்க்கலாம். சில நேரம் எண்கள் கொஞ்சம் ஏறும். உடைந்த சீலுக்கு எந்த டப்பா மருந்தும் கிடையாது. உடைந்த துண்டு கூட்டைக் கீறிக்கொண்டே இருக்கும் என்பதால், மேற்கொண்டு ஓட்டுவது பழுதுச் செலவை ஏற்றும் வேலை.

680க்கும் 720க்கும் இடையே ஆறும் சீராக இருந்தால் பதற வேண்டாம். செல்ஃபும் காயிலும் நன்றாக இருந்தால் அப்படிப்பட்ட இன்ஜின் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். இந்த இன்ஜின் சீல்களை நனைக்கத் தானாகவே கொஞ்சம் ஆயிலை எரிக்கும். அதனால் இரண்டு முறை பெட்ரோல் போடுவதற்குள் ஒரு முறையாவது டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பினால் சூடாகும் வரை அணைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே கருவியில் அளந்து, தேதி, சுற்று வேகம், ஆறு எண்கள் மூன்றையும் ஒரே தாளில் எழுதி வாருங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு

விற்பவரிடம் போகும்போது பானெட் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பிறகு இருபது நிமிடம் ஓட்டி, இன்ஜினை அணைத்து, விலை பேசும் சாக்கில் ஐந்து பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். இப்போது நீங்களே சாவியைத் திருப்புங்கள். இரண்டு விநாடிக்குள் எடுத்தால் கம்ப்ரஷன் சோதனைக்குப் பணம் செலவழிக்கலாம். ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் கெஞ்ச வேண்டியிருந்தால், புதிய இன்ஜினின் விலையைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். 'சூட்டில் எல்லா ரோட்டரியும் இப்படித்தான்' என்று அவர் சொல்லக்கூடும். என் காரை விற்றவரும் அப்படித்தான் சொன்னார்.